உரித்தெடுக்கும் வண்ணம்

ஆயுத பூசையன்று நம் ரயில்வே குடியிருப்பில் காண்பதற்கினிய ஒரு காட்சி உண்டு. மிதிவண்டி முதல் மோட்டார் வண்டி வரையில் யாவும் நன்கு கழுவப்பெற்று, சந்தனமும் குங்குமமும் இட்டு, சாமந்தி மாலை அணிந்து வாசல்தோறும் நிற்கும். மாட்டுப் பொங்கலன்று காளையின் கொம்புக்கு வர்ணம் தீட்டி மகிழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள் அல்லவா நாம்? காளை இருந்த இடத்தில் இன்று கார் நிற்கிறது, அவ்வளவே வேற்றுமை. மறுநாள் ஒரு வாளித் தண்ணீரில் சந்தனம் கரைந்துவிடும். வண்டி பழைய வண்டியே. அணிவதும் எளிது, களைவதும் எளிது என்பதுதான் அவ்வலங்காரத்தின் அழகு.

சந்தனத்தைப் போலவே வண்டியின் நிறத்தையும் அணிந்து களைய முடியுமா? முடியும் என்கிறது இக்காலத் தொழில் நுட்பம். உரித்தெடுக்கக்கூடிய ஒருவகை ரப்பர்ப் பூச்சு இன்று டப்பாக்களில் அடைத்து விற்கப்படுகிறது. வண்டியின் மேல் தெளித்தால் புது நிறம். வேண்டாதபோது ஓரத்தைப் பிடித்து இழுத்தால் பழைய நிறம். கேட்பதற்கு மாயாஜாலம் போலத் தோன்றும் இப்பொருளை நாகபுரியில் எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பத்தினர் பயன்படுத்திப் பார்த்தனர். அவர்கள் பெற்ற அனுபவம் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி, அவர்களுடைய இசைவோடு, பெயரை விலக்கி எழுதுகிறேன்.

வண்டியின் நிறம் வளர்ந்த கதை

முதலில் வண்டிகளின் நிறத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த 'மாடல் டி' வண்டிகள் 1914 முதல் 1925 வரையில் கறுப்பு நிறம் ஒன்றிலேயே கிடைத்தன. அக்காலத்தில் வேறு நிறப் பூச்சுகள் உலர்வதற்கே நாட்கணக்காக, சில வேளைகளில் வாரக்கணக்காக ஆகும். 1923-இல் டூபான்ட் நிறுவனத்தார் 'டூக்கோ' என்னும் விரைந்து உலரும் பூச்சை வண்டிகளுக்குக் கொண்டுவந்தனர். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. பல நிற வண்டிகள் தெருவில் ஓடத் தொடங்கின. இன்றும் நம் நாட்டில் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளர்களும் தச்சர்களும் 'டூக்கோ' என்னும் சொல்லை விடாமல் வழங்கிவருவதை நேயர்கள் கேட்டிருக்கலாம்.

இக்காலத் தொழிற்சாலையில் ஒரு வண்டிக்கு நிறம் ஏற்றுவது பல படிகளைக் கொண்ட வேலை. துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேல் பளபளப்பைத் தரும் தெளிந்த பூச்சு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிச் சூட்டில் உலர்த்துகிறார்கள். இத்தனையும் சேர்ந்த கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான்! ஆயினும் இவை இரும்புத் தகட்டோடு இறுகப் பற்றிக்கொள்கின்றன. நிறத்தை மாற்ற விரும்புபவர் அவற்றைத் தேய்த்து, மறுபடியும் பூசவேண்டும். பின்னர் மனம் மாறினாலும் பழைய நிறம் திரும்பாது.

உரியும் பூச்சோ வேறு வகையைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கக் கடற்படையார் தமக்கு உடனடியாகத் தேவைப்படாத கப்பல்களை ஒதுக்கி நிறுத்திவைத்தனர். கப்பலின் மேல்தளத்துப் பீரங்கிகள் உப்புக் காற்றில் கெட்டுவிடாதபடி அவற்றின்மேல் பிளாஸ்டிக்கைத் தெளித்துக் கூடு போல் மூடிவைத்தார்கள். மீண்டும் வேண்டும்போது கூட்டை அறுத்தெடுத்தால் போதும். பிற்காலத்தில் இதே எண்ணம் பட்டறைக்கும் வந்தது. கொறடு, திருப்புளி ஆகியவற்றின் பிடியை ரப்பர்க் குழம்பில் தோய்த்தெடுத்தால் கைக்கு மெத்தென்ற உறை கிடைக்கும். அமெரிக்காவில் 'பிளாஸ்டி டிப்' என்னும் பெயரில் அவ்வாறு விற்கப்பட்ட குழம்பையே தெளிக்கும் டப்பாவில் அடைத்துக் கார்ச் சக்கரங்களுக்கும், பின்னர் முழுக் காருக்கும் அடிக்கலானார்கள். இன்று பல நிறுவனங்கள் இத்தகைய பூச்சுகளைச் செய்கின்றன.

இது வேலை செய்யும் விதம் எளியது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளங்கையில் பசையைத் தடவி, அது காய்ந்தபின் தோல் போல உரித்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதுவே இதன் தத்துவமும். செயற்கை ரப்பர் ஒரு திரவத்தில் கரைக்கப்பட்டிருக்கிறது. தெளித்தவுடன் திரவம் ஆவியாகிப் போகிறது; ரப்பர் மட்டும் ஆடை போலப் படிந்து நிற்கிறது. வண்டியின் வழுவழுப்பான மேற்பூச்சோடு அது கலப்பதில்லை, மேலே தொற்றிக்கொண்டிருக்கிறது. ஆகையால் உரித்தால் வந்துவிடுகிறது.

அண்ணாச்சி வீட்டுக் கார்

நிற்க. எங்கள் குடியிருப்பில் திருநெல்வேலியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயதில் மூத்தவராதலால் எனக்கு அவர் அண்ணாச்சி. அவருடைய மகன் கல்லூரியில் படிப்பவன். என்னைச் சித்தப்பா என்று அழைப்பான். அண்ணாச்சி வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்து, ஊரில் தம் மைத்துனரிடமிருந்து வெள்ளை நிறக் கார் ஒன்றை வாங்கி, 44-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே நாகபுரிக்கு ஓட்டிவந்தார். திருநெல்வேலியையும் நாகபுரியையும் ஒரே சாலை இணைக்கிறது என்பதை அவர் பெருமையோடு சொல்லாத நாளில்லை.

வண்டி வந்த சில மாதங்களில் பையனுக்கு ஆசை பிறந்தது. தெருவிலுள்ள பத்து வண்டிகளில் பாதி வெள்ளை. தம் வண்டி மட்டும் பளபளப்பில்லாத கருஞ்சாம்பல் நிறத்தில் நிற்கவேண்டும் என்பது அவன் எண்ணம். "சித்தப்பா, இது பெயிண்ட் அன்று, சட்டையைப் போன்றது. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்" என்று என்னிடம் வாதாடினான். மும்பையிலுள்ள தோழன் ஒருவன் டப்பாக்களை வாங்கி ரயிலில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தான். அதை மட்டும் நான் கண்டிப்பாகத் தடுத்துவிட்டேன். பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் எனக்கு அதன் அபாயம் தெரியும். அந்த டப்பாவிலுள்ள கரைப்பானும், அதை வெளியே தள்ளும் வாயுவும் எளிதில் தீப்பற்றக்கூடியவை. அத்தகைய பொருளைப் பிரயாணப் பெட்டியில் கொண்டுவருவது 1989-ஆம் ஆண்டின் ரயில்வேச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும் அன்பர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும். நம் பெட்டியில் நாம் மட்டுமா பயணம் செய்கிறோம்?

பையன் டப்பாக்களை உள்ளூரிலேயே வாங்கினான். முழுக் காருக்கும் அடிக்கவேண்டுமானால் துப்பாக்கி போன்ற தெளிப்பானில் ஊற்றி 12 முதல் 15 லிட்டர் வரை செலவிடவேண்டும். அதற்குக் கையில் பணம் இல்லை. எனவே முன்மூடி, கூரை, நான்கு சக்கரங்கள் இவற்றோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தான். தந்தை அரைமனத்தோடு சம்மதித்தார்.

செய்யும் முறையும் செய்யத் தகாதனவும்

அவன் செய்தவற்றில் சரியானவையும் தவறானவையும் இருந்தன. சரியான முறை இது. வண்டியை நன்றாகக் கழுவி, மெழுகுப் பசை சிறிதுமின்றித் துடைத்து, ஈரம் போக உலர்த்தவேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டியதில்லை. கண்ணாடி, விளக்கு, எண்பலகை ஆகியவற்றைத் தாளால் மூடவேண்டும். டப்பாவைச் சுமார் 15 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் வீசித் தெளிக்கவேண்டும். முதல் பூச்சு மிக இலேசாக இருக்கவேண்டும்; பழைய நிறம் பாதி தெரிந்தாலும் கவலையில்லை. கால் மணி முதல் அரை மணி நேரம் விட்டு அடுத்த பூச்சு. இவ்வாறு நான்கைந்து பூச்சுகளாவது ஏற்றவேண்டும். முடிந்தபின் நான்கு மணி நேரமேனும் தொடாமல் விடவேண்டும். சில நாள் வரை கழுவக்கூடாது.

பூச்சுகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கஞ்சத்தனம் கூடாது. இதுவே இக்கலையின் உயிர்நாடி. தடித்த ஆடைதான் முழுசாக உரியும். மெல்லிய ஆடையோ துண்டுதுண்டாகக் கிழிந்து, நகத்துக்கும் அகப்படாமல் ஒட்டிக்கொள்ளும். சக்கரங்களுக்குத் தாராளமாக அடித்த பையன், கூரைக்கு வரும்போது டப்பா தீர்ந்துகொண்டே வருவதைக் கண்டு இரண்டே பூச்சோடு முடித்துவிட்டான்.

அதைவிடப் பெரிய தவறு, வேலை செய்த இடம். தூசி படக்கூடாது என்று எண்ணி, வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு தெளித்தான். டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி மூக்கில் ஏறினால் தலை சுற்றும். மூடிய இடத்தில் மயக்கமே வரும். இந்த ஆவி காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தவழ்ந்து செல்லும். எங்கோ எரியும் அடுப்பு அதற்குத் தீ வைத்துவிடலாம். அன்று அடுத்த அறையில் அவன் தாயார் மாலைக் காப்பிக்கு அடுப்பு மூட்டப் போகும் சமயம். நாற்றம் தாங்காமல் அவர் கொட்டகைக் கதவைத் திறந்தபோது, பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றான். முகத்தில் கட்டியிருந்த துணி ஆவியைத் தடுக்கவில்லை, தடுக்கவும் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய முகமூடியே அதற்கு வேண்டும். வெளிக்காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தபின் அவனுக்குத் தெளிந்தது. அந்த அம்மையார் மூக்குக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். திறந்த வெளி, நெருப்பில்லாத இடம், பக்கத்தில் ஒரு துணை: இம்மூன்றும் இல்லாவிட்டால் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் வேறொரு கடமை வந்து சேர்ந்தது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறுகிறது. பழைய பதிவு அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, புதிய மாநிலத்தில் சாலை வரி செலுத்தி, வண்டியை நேரில் காட்டவேண்டும். டி.என். 72 என்று தொடங்கும் எண் எம்.எச். என்று மாறவேண்டிய காலம் அண்ணாச்சிக்கு வந்துவிட்டது. (2021-இல் தொடங்கிய 'பி.எச்.' வரிசை எண் வாங்கிய வண்டிகளுக்கு இத்தொல்லை இல்லை. அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்கள் அதைப் பெறத் தகுதியுடையவர்கள்.)

பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறமும் எழுதப்பட்டிருக்கிறது. அதில் 'வெள்ளை'; வாசலில் நிற்பதோ பாதி கருஞ்சாம்பல். சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. முறைப்படி நிறம் மாற்ற விரும்புபவர் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று, புதிய நிறத்தைச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ளவேண்டும். 2019-இல் திருத்தப்பெற்ற சட்டத்தின்படி, அனுமதியின்றிச் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. உரித்துவிடலாம் என்பதற்காகச் சட்டம் தனிச் சலுகை எதுவும் கூறவில்லை. இன்னொன்றையும் இளைஞர்கள் அறியவேண்டும்: இராணுவத்தாருக்குரிய ஆலிவ் பச்சை நிறத்தைப் பிறர் தம் வண்டிக்கு அடிக்கவே கூடாது. அதை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி தடுக்கிறது.

உரித்த நாள்

வண்டியைக் காட்டவேண்டிய நாளுக்கு முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் அண்ணாச்சி வீட்டு வாசலில் குடியிருப்பே கூடிவிட்டது. சக்கரங்களின் பூச்சு வாழைமட்டை போல் ஒரே இழுப்பில் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கூரையோ பிடிவாதம் பிடித்தது. மெல்லிய ஆடைக்கு மருந்து, அதன்மேல் மேலும் பூசித் தடிக்கச் செய்வதுதான். மீதியிருந்த டப்பாவைக் கொண்டு திறந்த வெளியில் இன்னும் மூன்று பூச்சு ஏற்றினோம். மாலை வரை காத்திருந்து உரித்தபோது பெரும்பகுதி வந்தது. ஓரங்களில் எஞ்சியதைத் துரு நீக்கும் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தெடுத்தோம்.

கடைசியாக முன்மூடி. பாதி வரை நன்றாக வந்த ஆடை வலப்பக்க மூலையில் இறுகியது. பையன் சற்று வேகமாக இழுத்துவிட்டான். ஆடையோடு உள்ளங்கையளவு வெள்ளைப் பூச்சும் பெயர்ந்து வந்தது! அடியில் இரும்பு தெரியவில்லை. சுண்ணாம்பு போன்ற பட்டி தெரிந்தது. எல்லோரும் பேச்சற்றுப் போனோம்.

தொழிற்சாலையில் ஏற்றிய பூச்சு இவ்வாறு எளிதில் பெயராது. எங்கோ மோதி நசுங்கிய மூடியைப் பட்டி வைத்து நிரப்பி, மேலே சரியாகப் பிடிக்காத வெள்ளையை அடித்திருந்தார்கள். மறுபூச்சுப் பெற்ற இடத்தில் உரியும் பூச்சைப் போட்டால், உரிக்கும்போது கீழுள்ளதும் கூடவே வரக்கூடும் என்பதை அன்று கண்ணால் கண்டோம். ஆனால் எங்கள் மனத்தில் ஓடியது அதுவன்று. வண்டி மோதியதே இல்லை என்று சொல்லி விற்றவர் அண்ணாச்சியின் மைத்துனர்; அவருடைய தங்கை எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து பக்கத்திலேயே நிற்கிறார்.

அண்ணாச்சி அந்தத் துண்டைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்தார். "தம்பி, நம் வாசலில் நின்ற இடத்திலே எவனாவது இடித்திருப்பான். உமக்குத்தான் தெரியுமே, இங்கே லாரிகள் எப்படித் திரும்புகின்றன என்று" என்றார். இடித்தவன் பட்டியும் வைத்துவிட்டா போவான்? நாங்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அந்த அம்மையார்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இது இங்கே இடித்ததன்று. எங்கள் அண்ணனைக் கேட்கிறேன்" என்று மெல்லச் சொல்லி உள்ளே போனார்.

மறுநாள் சோதனை நல்லபடி முடிந்தது. அடிச்சட்ட எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். நிறம் சான்றிதழோடு ஒத்திருந்தது. பெயர்ந்த இடத்தைப் பழுது பார்த்துக்கொள்ளும்படி சொன்னதோடு விட்டுவிட்டார்கள். ஊரிலிருந்தும் பதில் வந்தது. விலை குறைந்துவிடுமே என்று அஞ்சி மறைத்ததாக மைத்துனர் ஒப்புக்கொண்டார். முன்மூடியைச் செப்பனிட்டுப் பூசும் செலவையும் அவரே அனுப்பிவைத்தார். தங்கை கேட்டிராவிட்டால் அந்த வெள்ளைப் பூச்சு இன்னும் எத்தனை ஆண்டு இரு குடும்பங்களுக்கும் நடுவில் பேசப்படாமல் கிடந்திருக்குமோ!

நாம் கொள்ளவேண்டுவன

இப்பூச்சு கெட்ட பொருள் அன்று. தன் அளவில் நிற்பவருக்கு நல்ல அலங்காரம். சக்கரங்களின் நிறம் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. அங்கே இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சிறு கல் தெறித்து உண்டாகும் கீறல்களிலிருந்தும் அது ஓரளவு காக்கும். உடல் முழுவதும் மாற்ற விரும்பினால் அலுவலகத்தில் முதலில் எழுதிக் கேட்கவேண்டும். கடனில் உள்ள வண்டியாயின் கடன் தந்தவர்களையும், காப்புறுதிக்காரர்களையும் கேட்கவேண்டும். பழைய வண்டியானால், கண்ணில் படாத ஓரிடத்தில் சிறிது தெளித்து உரித்துப் பார்த்தபின் மேலே செல்லவேண்டும். பெட்ரோல் சிந்தினால் இந்த ரப்பர் கரைந்துவிடும். ஆகவே எண்ணெய் ஊற்றும் இடத்தில் கவனம் வேண்டும். செய்பவர்கள் மூன்று ஆண்டு வரை உழைக்கும் என்கிறார்கள். ஆனால் மே மாதத்தில் 45 டிகிரியையும் தாண்டும் விதர்ப்ப வெயிலில் கூரையை இருண்ட நிறமாக்கிக்கொண்டு உள்ளே வேகவேண்டுமா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

சென்ற ஆயுத பூசைக்கு முதல் நாள் அண்ணாச்சி தம் மகனை அழைத்து, கையில் பணத்தைக் கொடுத்து, "சக்கரம் மட்டும். மரத்தடியில் வைத்துச் செய். சித்தப்பாவையும் கூட வைத்துக்கொள்" என்றார். இந்த முறை ஐந்து பூச்சு. மறுநாள் காலையில் கருஞ்சாம்பல் சக்கரங்களும் வெள்ளை உடலுமாக, புதிய எண்பலகையோடு, சந்தனம் குங்குமம் இட்டு அந்த வண்டி நின்றது. செப்பனிட்ட முன்மூடியின் மூலையில் அண்ணி தம் கையாலேயே ஒரு பொட்டு வைத்தார்.